கிணறு இலக்கம் பதினேழு

நிலாவெளி வீதியில் கச்சான் காற்று
மண்ணள்ளி முகத்தில் எறிகிற ஆடி மாதம்.
நாற்பத்திரண்டு கிணறுகள், நாற்பத்திரண்டு போத்தல்கள்,
ஒரு ஸ்கூட்டி, ஒரு ஐஸ் பெட்டி.
மீன் ஏற்றிப் பழகிய பெட்டி அது,
எவ்வளவு கழுவியும் சூடை மணம் விடவில்லை.

திட்ட முன்மொழிவில் எழுதியிருந்தேன்:
நிலைபேறான அபிவிருத்தி, இலக்கு ஆறு,
யாவருக்கும் தூய நீர்.
"யாவருக்கும்" என்பதன் கீழே மேற்பார்வையாளர் கோடிட்டு
ஓரத்தில் "நன்று" என்று குறித்தார்.

பதினேழாவது கிணறு இறக்கக்கண்டியில்,
வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே.
நான் கயிறு பிடித்த அழகைப் பார்த்துச் சிரித்து
ஏழு மாத வயிற்றோடு
ஹயருன்னிசா தானே அள்ளித் தந்தாள்.
"தண்ணி நல்லமா டீச்சர்?"
"பார்த்திட்டு வந்து சொல்றன்."
பெயர் எழுதக்கூடாது, நெறிமுறைக் குழுவின் விதி.
போத்தலில் எழுதினேன்: கி-17.

எண்பத்துமூன்று.
ஒரு லீற்றரில் எண்பத்துமூன்று மில்லிகிராம் நைத்திரேற்று.
ஐம்பதைத் தாண்டக்கூடாது.
உண்மையைச் சொன்னால்
அந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்தேன்.
வரைபில் மற்றப் புள்ளிகளெல்லாம் படுத்துக் கிடக்க
அது மட்டும் எழுந்து நின்றது.

கொழும்பு. குளிரூட்டிய மண்டபம்.
பதினைந்து நிமிடம், பதினொரு ஸ்லைட்,
ஒவ்வொருவர் முன்னாலும் மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல்.
"பதினேழு அளவீட்டுப் பிழையாக இருக்குமோ?" என்றார் ஒருவர்.
"இல்லை, மூன்று தடவை அளந்தோம்" என்றேன்.
மூன்று தடவை.
கைதட்டினார்கள்.

எட்டு மாதம் கழித்துக் குச்சவெளிக்குப் போகையில்
பாலத்தருகே மனச்சாட்சி ஸ்கூட்டியை நிறுத்தியது
என்று எழுத ஆசைதான்.
நிறுத்தியது பெற்றோலுக்காக.
அவள்தான் என்னைக் கண்டாள்.
இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று,
இரட்டைப் பிள்ளைகள். தாய்ப்பால் காணாது, பால்மாதான்.
"காய்ச்சித்தான் கரைக்கிறன் டீச்சர், பச்சைத் தண்ணி இல்ல."

இரண்டாம் வருடத்துக்கு நானே கற்பிக்கும் பாடம்:
கொதித்தால் கிருமி சாகும்,
நைத்திரேற்று சாகாது.
நீர் வற்ற வற்றச் செறியும்.

பெற்றோல் மணத்துக்குள் நின்று
எல்லாவற்றையும் சொன்னேன், கொச்சையாக,
ஒரு ஸ்லைட்டும் இல்லாமல்.
அவள் ஒன்றுதான் கேட்டாள்.
"எத்தின மாசமா உங்களுக்குத் தெரியும்?"

அடுத்த வாரம் சோதனைக் கீலங்கள் ஒரு பெட்டி கொண்டுபோனேன்.
தண்ணீரில் தோய்த்து ஒரு நிமிடம் பொறுத்தால்
நிறம் சொல்லும், ரோசாவிலிருந்து கருஞ்சிவப்பு வரை.
தோய்த்தாள், பொறுத்தாள்,
பிறகு என் ஆய்வையே திருத்தினாள்:
"வெயிலுக்க வந்து அளந்தா என்ன தெரியும்?
முதல் மழை யூரியாவ இறக்கின பிறகு வாங்க.
அப்ப தண்ணி வாயில வேற மாதிரி.
போடுறது எங்கட ஆள்தான். கடன் அப்பிடி."

ஆறு நிபுணர் வாசித்த முன்மொழிவு அது.
ஒருவரும் மழையைக் கேட்கவில்லை.

ஆவணியில் என் ஒப்பந்தம் முடிந்தது.
தற்காலிக விரிவுரையாளர்களைப் பற்றி
எந்த இலக்கிலும் ஒன்றும் இல்லை.
வளாக வாசலில் திறப்பைக் கொடுத்துவிட்டு
அலஸ்தோட்டத்தில் அறைக்குள் கிடந்தேன்.

ஐப்பசி. முதல் மழைக்கு மறுநாள்
தொலைபேசியில் படங்கள் விழத் தொடங்கின.
ஒவ்வொரு கீலத்துக்கும் கீழே எழுத்து:
ஜெஸ்மின் வீட்டுக் கிணறு.
பள்ளிவாசலுக்குப் பின்னால.
சுபத்திராக்காட, குழாய்க் கிணறு, பரவாயில்ல.
எண் ஒன்றுமில்லை, எல்லாம் பெயர்.

கடைசிப் படம் அவளுடையது.
கருஞ்சிவப்பு. போன தடவையைவிட மோசம்.
"பிள்ளைகளுக்கு பவுசர்த் தண்ணி எடுக்கிறம்.
இவர் இந்தப் போகம் யூரியா பாதி மூட்டைதான், பாப்பம் எண்டார்.
கீலம் மூண்டுதான் மிச்சம்.
பெட்டி என்ன விலை?"